சைகோன் சட்டம்

பாரிஸ் லா ஷப்பலில் எனக்குக் கிடைத்த முதல் அறை ஆறாம் மாடியில், கூரைக்குக் கீழே இருந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்துப் பெடியள் மூன்று பேர் அதில் குடியிருந்தோம். வீட்டுக்காரர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பாண்டிச்சேரித் தமிழர், எதிர்க் கட்டடத்தில், தான் ‘மதாம்’ என்று கூப்பிடும் மனைவியோடு இருந்தார். வியட்நாம் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த காலத்தில், இளம் வயதில், சைகோனில் பொலிஸ் வேலை பார்த்தவர். அவரைப்போல் வாய்க்கொழுப்புப் பிடித்த மனுஷனை நான் பிறகு கண்டதில்லை.

“அங்க அந்த ஊர்க்காரன் கூத்துப் போடணும்னாலும் உத்தரவு வாங்கணும். வெளிய போனா அட்டை வேணும். அட்டை இல்லாதவனக் கழுத்தப் புடிச்சித் தள்ளிக்கினு போவேன். சட்டம்னா அது!” என்று பெருமையடிப்பார். சொந்த மண்ணில் கூத்துப் பார்க்க எவனிடமோ உத்தரவு கேட்டு நின்ற சனங்களை நினைத்தால் எனக்கு வயிறு எரியும். ஊரில் ஆமிக்காரன் என் சட்டையைப் பிடித்துக் கேட்டதும் ஒரு அட்டையைத்தான்.

அந்தச் சட்டத்தை எங்கள் தலையிலும் கட்டினார். அறையில் மூன்று பேருக்கு மேல் கூடக் கூடாது. இரவு எட்டு மணிக்குப் பிறகு படியில் காலடிச் சத்தம் கேட்கக் கூடாது. மீறினால் தெருதான். வேறு அறை கிடைக்காததால் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம். ஆனால் முன்னூற்றிநாலு என்கிற எங்கள் சீட்டாட்டத்துக்கு நாலு கை வேண்டும். வாரம் முழுக்க உணவகங்களில் கோப்பை கழுவுகிறவர்களுக்கு அது ஒன்றுதான் ஞாயிற்றுக்கிழமை. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. நாலாவது ஆள் புறநகரான வில்லியே லே பெல்லிலிருந்து ரயிலேறி வருவான்.

ஒரு ஞாயிறு இரவு எட்டு மணி தாண்டியும் ஆடிக்கொண்டிருந்தோம். தோற்றவர்களுக்குக் கடுக்கன் போடுவது வழக்கம். என் காதிலும் என் கூட்டாளியின் காதிலும் உடுப்புக் காயவிடும் கிளிப்புகள் தொங்கின. கதவு இடிபட்டது. இரண்டு பொலிஸ்காரர், பின்னால் லுங்கிக்கு மேல் கோட்டுப் போட்ட வீட்டுக்காரர். அவர்தான் கூட்டிவந்திருந்தார்.

வதிவிடப் பேப்பர் கேட்டார்கள். நாங்கள் நால்வரும் சட்டைப்பைக்குள் கைவிட்டோம். பேப்பர் இல்லாமல் கக்கூசுக்கும் போகாத ஆட்கள் நாங்கள். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். பிறகு ஒருவன் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, “உன்னுடையது?” என்றான்.

அவர் சிரித்தார். தான் பிரெஞ்சுக்காரன், சைகோனில் பொலிஸ் என்றார். அவன் காதில் வாங்கவில்லை. லுங்கி கட்டிய கறுத்த மனுஷன், கையில் அட்டை இல்லை. கோட்டுக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினான்.

படியருகில் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “தம்பி, ஓடிப்போயி எதிர்வூட்டுல மதாம்கிட்ட என் அட்டைய வாங்கியாப்பா.”

எனக்கு வயிறு குளிர்ந்தது. காதில் தொங்கிய கிளிப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்:

“எட்டு மணிக்குப் பிறகு படியிலை காலடிச் சத்தம் கேக்கக்கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள், ஐயா.”