ஆளில்லா வீட்டின் விளக்கு

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை. நான் போட்டுவிட்டுப் போன விளக்கை நம்பி ஒரு பெண் ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவள் கணவரின் உயிர் போய்க்கொண்டிருந்தது. இதை இதுவரை யாரிடமும் நான் சொல்லவில்லை.

காலை ஐந்தேகாலுக்கு எழுந்தேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். அலுவலகம் போய் வந்தேன். மாலை ஆறரைக்கு, வழக்கம்போல, பக்கத்து வீட்டில் விளக்கைப் போட்டு வானொலியைப் பேசவிட்டேன். வாசலில் இரண்டு ஜோடிச் செருப்புகளை வைத்தேன். முன்கதவை உள்ளே தாழிட்டுப் பின்வாசலைப் பூட்டினேன். பிறகு சாரலில் குளிக்கக் குற்றாலம் கிளம்பினேன்.

குத்துக்கல்வலசையில் எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடுகள், எட்டு பூட்டிக்கிடக்கின்றன. ஒன்றில் திருடு போனதும், பெங்களூரில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் சாவி தந்து செய்த ஏற்பாடு இது. யாருக்கும் தெரியக் கூடாது என்பதே நிபந்தனை.

எதிர்வீட்டுக்குச் செல்வியும் கணவரும் குடிவந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. வந்த அன்றே அவர் சிரித்துக்கொண்டு கேட்டார்: "என்ன அண்ணாச்சி, இந்தத் தெருவுல பேய்தான் வாடகைக்கு இருக்குதா?"

"ஏன், உங்க எதிர்ல, என் பக்கத்து வீட்ல ஆள் இருக்காங்களே!" என்றேன்.

"அப்போ சரி. ஆத்திர அவசரத்துக்குக் கூப்பிடலாம்லா."

அப்போதாவது சொல்லியிருக்கலாமே... ஏன் சொல்லவில்லை? புதியவர்களை நம்பவில்லை. வேறென்ன!

எட்டரைக்குத் திரும்பினேன். மாரடைப்பு வந்த செல்வியின் கணவரைத் தெருமுனைத் தேநீர்க் கடைக்காரர் ஆட்டோவில் ஏற்றிப் போயிருந்தார். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எல்லாம் முடிந்திருந்தது. கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றாராம் மருத்துவர்.

செல்வி என்னைக் கண்டதும் கதறினாள். "எவ்வளவு நேரம் தட்டுனேன் அண்ணாச்சி! லைட்டு எரியுது, உள்ள பேச்சுக்குரல் கேக்குது, செருப்பு கெடக்குது... ஒருத்தரும் எட்டிப் பாக்கலியே! மனுசங்களா அவங்க?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா உங்களுக்கு?

"வெளியூர் ஆளுங்க, அப்படித்தாம்மா."

என் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: 'விளக்குப் போட்டேன். அருவிக் குளியல். எதிர்வீட்டுக்காரர் மாரடைப்பில் காலமானார்.' மூன்றும் உண்மை. ஆனால் ஒன்றோடொன்று சேராதபடி எழுதியவன் நான்!

செல்வி இன்னும் எதிரில்தான் இருக்கிறாள். அந்த வீட்டார் பயந்து ஓடிவிட்டதாக நம்புகிறாள். வாசல் தெளிக்கும்போது அவர்களைச் சபிக்கிறாள். நான் பக்கத்தில் நின்று கேட்கிறேன். இப்போது அங்கே விளக்குப் போடுவதில்லை; பல்பு போய்விட்டதென்று பெங்களூர் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவள் என்னிடம்தான் வந்து மருந்து வாங்கிவரச் சொல்கிறாள், என்னைத்தான் நல்லவர் என்கிறாள்... எப்படிச் சொல்வேன்?

அவர் இறந்த மறுநாள் காலை எதிரே பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் முதலில் பின்வாசல் வழியாக அந்த வீட்டுக்குள் போனேன். வானொலியை நிறுத்தினேன், விளக்கை அணைத்தேன், ஆள் பார்க்காத நேரத்தில் செருப்புகளை உள்ளே எடுத்துவைத்தேன்.

அதன் பிறகுதான் துக்கம் கேட்கப் போனேன்.