நெட்டை வழியில் தண்ணீர்

பம்புக்காரருக்கு அவருடைய சகலையைக் கண்டால் ஆகாது. வெளியே சொல்லவும் முடியாது. அந்த மனிதன் இவருக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. எரிச்சலே அதில்தான். ஏதாவது செய்து தொலைத்திருந்தால் நிம்மதியாகத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

அக்காவை இவர் கட்டினார், தங்கையை அவன் கட்டினான். இருவருக்கும் ஒரே ஈயச் சுரங்கத்தில் வேலை. அவன் பாறையில் துளை போடுகிறவன். ஆள் உயரம், அதனால் நெட்டை. இவர் அடிமட்டத்தில் தண்ணீர் இறைக்கிறவர்.

அங்கே ஈயத்தாது சுண்ணாம்புப் பாறைக்கு நடுவே ஒரு பட்டையாக ஓடியது. பளபளக்கும் சாம்பல் நிறம். கைக்குள் அடங்குகிற கட்டியே மணிக்கட்டைக் கீழே இழுக்கும். ஓடிவந்த பட்டை ஓரிடத்தில் கத்தியால் நறுக்கியது போல நின்றுவிட்டது. எந்தக் காலத்திலோ நிலம் பிளந்து ஒரு பக்கம் சரிந்து இறங்கியிருந்தது; மீதிப் பட்டையும் அதோடு எங்கோ கீழே போயிருந்தது. மாதக்கணக்கில் எல்லாரும்தான் தேடினார்கள். ஒரு நாள் நெட்டை போட்ட துளையிலிருந்து வெள்ளைத் தூளுக்குப் பதிலாகக் கறுத்த தூள் கொட்டியது.

தொலைந்த பட்டையைக் கண்டுபிடித்தவர் பெயர்தான் அங்கே குடையும் சுரங்கவழிக்கு. அது சுரங்கத்து வழக்கம். ‘நெட்டை வழி’ என்று சுவரில் பெரிதாக எழுதினார்கள். சரி, அவன் நின்று துளை போட்ட இடத்தில் இடுப்பளவு தண்ணீர் ஏறாமல் இராப்பகலாக இறைத்தது யார்? பம்புக்காரன் பெயரை எந்தச் சுவரில் எழுதியிருக்கிறார்கள்! அன்று பிடித்த வயிற்றெரிச்சல் அவரை விடவேயில்லை.

தாது தீர்ந்தது, சுரங்கத்தை மூடினார்கள். பெரிய பம்புகள் நின்றதும் கீழ்மட்டங்கள் மூழ்கின. மூழ்காமல் மிஞ்சியதில் ஆக அடியில் இருந்தது நெட்டை வழிதான். மேலே இருந்ததைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டு, சுற்றிக்காட்டவும் பம்பைப் பார்த்துக்கொள்ளவும் பம்புக்காரரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நெட்டை மூச்சிரைப்போடு வீட்டில் உட்கார்ந்துவிட்டான். இந்த ஒன்றிலாவது அவனை முந்திவிட்டோம் என்று கொஞ்ச காலம் இவர் நன்றாகத் தூங்கினார்.

அதிலும் மண் விழுந்தது. புதிதாக வந்த மேலாளர் அம்மா ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னார்: “நெட்டை வழியையும் திறக்கப்போறோம். வாசல்ல விளக்கு, பெரிய போர்டு. அவர் கதையை வர்றவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க. உங்க சொந்தக்காரர்தானே?”

தினம் தினம், தன் வாயாலேயே அவன் புகழைப் பாட வேண்டும்! வீட்டில் சொன்னால் மனைவி வாயெல்லாம் பல்லாகிவிட்டாள். “என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு இது வேணும்தாங்க” என்றாள். இவருக்குச் சோறு இறங்கவில்லை.

நெட்டை வழியில் இருந்தது தானாக ஓடும் சின்ன பம்பு. தண்ணீர் ஏறினால் மிதவை எழும்பும், பம்பு ஓடத் தொடங்கும். பம்புக்காரர் அந்த மிதவையை எழும்ப விடாமல் குழாயோடு கம்பியால் இறுக்கிக் கட்டினார். முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறியதும் மேலாளரிடம் போய், “புது ஊத்து திறந்துக்கிச்சும்மா. பம்பு ஓடியும் பிரயோஜனமில்ல” என்றார். எவ்வளவு சுகமாக இருந்தது அதைச் சொல்ல!

விஷயம் கேள்விப்பட்டு நெட்டையே வந்துவிட்டான். படிக்குப் படி நின்று, கைப்பிடியைப் பிடித்து இறங்கி, பம்பு இருந்த மூலையில் குனிந்து வெகுநேரம் தண்ணீரையே பார்த்தான். நன்றாகப் பார்க்கட்டும் என்று பம்புக்காரர் படியிலேயே நின்றார்.

மூவரும் மேலே கூடியதும் மேலாளர் நெட்டையிடம், “இவரால முடியலையாம். வயசாயிடுச்சு, பாவம். வெளியிலேருந்து வேற ஆளைக் கூப்பிடலாம்னு பார்க்கறேன்” என்றார்.

பம்புக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவரால் முடியவில்லையாமே! தண்ணீரை வென்றவர் என்ற ஒரே பெயர்தான் அவருக்கு இருந்தது. சகலையின் பெயரை மூழ்கடிக்கப் போய் அதையல்லவா சேர்த்து மூழ்கடித்திருக்கிறார்! வருகிற ஆள் கம்பியைப் பார்த்துவிட்டால் மானமும் போகும்.

அவர் வாயைத் திறப்பதற்குள் நெட்டை முந்திக்கொண்டான். “அண்ணன் கையில பம்பு இருக்கும்போது தண்ணி ஜெயிச்சதே இல்லம்மா. இந்த வாரம் மட்டும் விட்டுப் பாருங்க.”

அன்று சாயங்காலமே பம்புக்காரர் கம்பியை அவிழ்த்தார். மறுநாள் தரை தெரிந்தது.

திறப்பு நாளில் கூட்டம் கூடியது. நெட்டையைப் பேசச் சொன்னார்கள். அவன் தன் துளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “இந்த வழிக்கு அண்ணன் பேர்தான் வெச்சிருக்கணும். இவர் இறைக்கலைன்னா நான் இங்க நின்னிருக்கவே முடியாது” என்றான். எல்லாரும் பம்புக்காரரைப் பார்த்துக் கைதட்டினார்கள். இத்தனை வருஷமாக அவர் ஏங்கிய கைதட்டல்தான். இதுவும் அவன் போட்ட பிச்சையா என்று நெஞ்சு எரிந்தது.

கூட்டம் மேலே ஏறியது. நெட்டை மட்டும் மூச்சு வாங்க நின்றான்.

“அண்ணே, அன்னிக்கே மிதவையில கம்பியைப் பார்த்துட்டேன்.”

பம்புக்காரர் சட்டென்று பம்பு இருந்த மூலையைத் திரும்பிப் பார்த்தார்.

“யார்கிட்டயும் சொல்லல. என் வீட்டுக்காரிகிட்டகூட. வாங்க, கொஞ்சம் கையைக் குடுங்க, ஏறணும்.”

கையைக் கொடுத்தார். வேறென்ன செய்வார்? பாதிப் படி வரைக்கும் அவனைத் தாங்கிக்கொண்டே யோசித்தார்: பாவி, நல்லவன் என்ற பெயரையும் அவனே எடுத்துக்கொண்டானே.