சறோ வராத நாள்

நேற்று வெள்ளவத்தையில் மருந்து வாங்கப் போனேன். கடை மனேஜருக்கு மீசை இன்னும் ஒழுங்காக முளைக்கவில்லை. அவன் கவுண்டரில் நின்ற பெண்பிள்ளையைப் பார்த்து, அத்தனை பேருக்கும் கேட்க, "படிச்சனீரோ, இல்லாட்டிச் சும்மா வந்து நிக்கிறீரோ?" என்று ஏசினான். அதுவரை சிரித்துச் சிரித்து வேலை செய்தவள், பிறகு என் மாத்திரையை எடுத்துத் தருவதற்குக்கூட அவன் முகத்தைப் பார்த்தாள். எனக்குப் பிரஷர் ஏறியது. சொன்னால் சிரிப்பீர்கள், நான் வாங்கப் போனதும் பிரஷர் மாத்திரைதான்.

அந்தப் பயந்த முகத்தை நான் முன்னரும் கண்டிருக்கிறேன். சண்டைக் காலத்தில் பம்பலப்பிட்டியில் ஒரு கப்பல் கந்தோரில் எனக்குத் தட்டெழுத்து வேலை. படி ஏறும்போதே கீழ்க் கடையின் மீன் வைத்த மாலுபாண் மணமும் கூட ஏறி வரும். பக்கத்து மேசையில், வெளிநாட்டுக்குச் செய்தி அடித்து அனுப்பும் ரெலெக்ஸ் இயந்திரத்தோடு சறோ. ஊர் யாழ்ப்பாணம், தெஹிவளையில் ஒரு அன்ரி வீட்டில் அறை எடுத்திருந்தாள். வாய் என்றால் அப்படியொரு வாய்! மனேஜர் எழுதிக் கொடுப்பதில் துறைமுகத்தின் பெயர் பிழையாக இருந்தால் நேரே அவர் அறைக்குப் போய், "சேர், இந்தக் கப்பல் கொழும்புக்கோ, கொச்சிக்கோ?" என்பாள். அவரும் சிரித்தபடி திருத்துவார். வேலை முடிந்தும் பதில் வரும்வரை இயந்திரத்தின் பக்கத்திலேயே இருப்பாள். இருக்கச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை.

மனேஜர் கொட்டாஞ்சேனைத் தமிழர். கெட்ட மனிதர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். நத்தார்ப் பண்டிகை வந்தால் தன் கையாலேயே கேக் வெட்டி மேசை மேசையாகக் கொண்டுவந்து வைப்பார். ஆனால் செக்பொயின்றுகள் கூடக் கூட மனிதர் மாறிப்போனார். கழுத்துப்பட்டி கட்டி வரும் அவரை ஆமிக்காரர் நடுத்தெருவில் காரிலிருந்து இறக்கி, கையைத் தூக்கச் சொல்லித் தடவிப் பார்ப்பார்கள். அங்கே வாய் திறக்க ஏலாது. அங்கே விழுங்கியதையெல்லாம் இங்கே வந்து எங்கள்மேல் கொட்டுவார்.

ஒருநாள் பஸ்ஸை மறித்துச் சோதித்ததால் சறோ பிந்தி வந்தாள். வெளியாட்கள் பார்த்திருக்க மனேஜர் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"எப்ப பாத்தாலும் செக்பொயின்ற்! உமக்கு மட்டும்தானோ செக்பொயின்ற்? ஏலாதெண்டா வீட்டில இரும்!"

சறோ தன் இயந்திரத்தின் முன்னால் போய் இருந்தாள். அன்றிலிருந்து அவர் எழுதியதைப் பிழையோடு அப்படியே அடித்தாள்.

"பிழையெண்டு தெரியுதெல்லேடி?" என்று கேட்டேன்.

"தெரியுது. சொல்லி அதுக்கும் ஏச்சு வாங்கவோ?"

கந்தோர் மூடும் நேரம் வந்தால், பதில் வந்தாலென்ன வராவிட்டாலென்ன, கைப்பையைத் தூக்கிவிடுவாள். அவள் மட்டுமா? எல்லோருமே வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டோம். அவருக்குப் போகவேண்டிய கெட்ட செய்திகள் எங்கள் மேசைகளோடு நின்றுவிடும்.

பிறகொரு நாள் சறோ வரவேயில்லை. அன்ரிதான் போனில் அழுதார்.

"பிள்ளை, விடியக்காலமை வந்து சறோவைப் பொலிசுக்குக் கொண்டு போயிட்டாங்கள். யாழ்ப்பாண அடையாள அட்டை எண்டு சந்தேகமாம். வேலை செய்யிற இடத்துப் பெரியவர் வந்து சொன்னா விடுவினமாம்."

பெரியவரின் கதவைப் பார்த்தோம். ஆளையாள் பார்த்தோம். "லேட்டுக்கே அந்தப் பேச்சு, இதுக்கு அவளை வேலையால நிப்பாட்டிப்போடுவார்" என்றார் கணக்காளர். "தானா விட்டிடுவாங்கள்" என்றார் இன்னொருவர். மத்தியானம் சோற்றுப் பார்சல்கள் பிரிக்காமலே கிடந்தன. அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய்ச் சொன்னேன்.

அவர் முகம் சிவந்தது. "காலமை நடந்ததை இப்பவோ சொல்லுறீர்?"

"ஏசுவியள் எண்டு பயம், சேர்."

கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு, "வாரும்" என்றார்.

பொலிசில் அவர் கையைக் கட்டிக்கொண்டு, "எங்கட கந்தோர்ப் பிள்ளை, நான் பொறுப்பு" என்று சிங்களத்தில் கெஞ்சினார். பொழுதுபட சறோவை வெளியே விட்டார்கள். தலை கலைந்து, காலில் செருப்பில்லாமல் வந்தாள். கட்டிப்பிடிக்கக் கையை நீட்டினேன். அவள் என்னைக் காணவேயில்லை. மனேஜரைக் கண்டதும் நிமிர்ந்து நின்றாள்.

"சொறி சேர், இண்டைக்கு வர ஏலாமப் போச்சு."

அந்த மனிதர் காரைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்று அழுதார்.

அதற்குப் பிறகு அவர் யாரையும் ஏசவில்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பழக்கம் லேசில் விடுமா? தொடங்குவார், பாதியில் நிறுத்திவிடுவார். யாராவது பிந்தினால் ஜன்னலடியில் போய் நின்று வீதியைப் பார்ப்பார். சறோவை மட்டும் ஒரு சொல் சொல்லவில்லை.

இன்றைக்குச் செக்பொயின்றுகள் இல்லை. கந்தோர் இருந்த இடத்தில் உடுப்புக்கடை. மனேஜரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரை நினைத்தால், சறோ கனடாவுக்குப் போக முதல் விடைபெற வந்த பின்னேரம்தான் எனக்கு நினைவு வரும். தன் அறையில், தனக்கு முன்னால் இருந்த கதிரையை அவரே இழுத்துப் போட்டார்.

"இரும் பிள்ளை" என்றார்.

"ஓம் சேர்" என்றாள்.

"என்னில கோவமோ?"

"இல்லை சேர்."

"அப்ப இருமன், பிள்ளை."

"ஓம் சேர்" என்றாள் மறுபடியும். கடைசிவரை நின்றுகொண்டே இருந்தாள்.