ஒரு லீற்றர் நத்தார்

என் கணவருக்கு ஒரு நாளைக்கு ஒரு லீற்றர். தண்ணீர், தேத்தண்ணீர், சோற்றில் விடுகிற ரசம், குளிசை விழுங்குகிற மிடறு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு வைத்தியர் போட்ட கட்டளை அது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள் என்பதால் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். காலையில் ஒரு லீற்றர் போத்தலை நிரப்பி மேசையில் வைப்பேன். அவர் எதைக் குடித்தாலும் அதே அளவைப் போத்தலிலிருந்து முருங்கைக்கு ஊற்றிவிடுவேன். போத்தலில் மிச்சம் இருப்பதுதான் அன்றைக்கு அவருக்கு மிச்சம்.

இலுப்பைக்கடவைப் பக்கத்தில் எங்களுக்கு வயல் இருக்கிறது. மார்கழியில் வரம்பு முட்டத் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீருக்குள் முழங்கால் வரை நின்று வாய்க்கால் திறப்பதும் மறிப்பதும்தான் அவர் இருபது வருடமாகச் செய்த வேலை. இப்போது வரம்பில் நின்று பார்ப்பதோடு சரி. பார்த்துவிட்டு வந்து, போத்தலைப் பார்ப்பார்.

கிழமைக்கு இரண்டு தரம் பட்டினத்து ஆஸ்பத்திரியில் டயலிசிஸ். முதல் நாள் அந்த மெஷினுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். அவருடைய இரத்தம் குழாய் வழியே வெளியே வந்து, கழுவப்பட்டு, திரும்பவும் அவருக்குள்ளேயே போனதை என் கண்ணால் கண்டேன். ஒரு மனிதனைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து, திருத்தி, அவனுக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். நான்கு மணித்தியாலம் நான் வாய் திறக்கவில்லை. மெஷினைவிட அதுதான் பெரிய அதிசயம் என்று அவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அவருடைய தங்கை, என் மச்சாள், பேசாலையில் ஒரு கடற்றொழிலாளியை விரும்பி, ஞானஸ்நானம் பெற்றுக் கலியாணம் முடித்தவள். மூன்று வருடம் இரண்டு வீடும் பேசவில்லை. பிறகு எல்லாம் ஆறி, பொங்கலுக்கு அவர்கள் எங்களிடம் வருவதும், கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு நாங்கள் அங்கே போவதும் வழக்கமாகிவிட்டது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மச்சாளின் இரண்டு பெட்டைகளும்தான் எங்களுக்கும் பிள்ளைகள். சிறுநீரக வருத்தம் வந்த பிறகு நான்தான் அந்தப் போக்குவரத்தை நிறுத்தினேன். இந்த முறையும் மச்சாள் போன் எடுத்தாள்.

"அண்ணையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ மச்சாள். போன வருசமும் நீங்கள் வரேல்லை. பிள்ளையள் கேக்குதுகள்."

"அங்க வந்தா வீட்டுக்கு வீடு சோடாவும் வைனும் நீட்டுவினம். நான் ஆரோட எண்டு சண்டை பிடிக்கிறது?"

பக்கத்தில் இருந்தவர் என் கையிலிருந்து போனை வாங்கினார். "நாங்கள் வாறம்" என்று தங்கைக்குச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "வீட்டுக்குள்ள இருந்து நாளை எண்ணுறதுக்கோ இவ்வளவு பாடுபட்டு இரத்தம் கழுவுறம்?"

நாட்காட்டியை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். இருபத்துநாலாம் திகதி காலையில் டயலிசிஸ், அதை முடித்துக்கொண்டு நேரே பேசாலை, இருபத்தேழாம் திகதி காலையில் அடுத்த முறை. இடையில் மூன்று இரவு. அந்த மூன்று நாளும் அளவு தப்பினால் நெஞ்சுக்குள் நீர் கட்டும், மூச்சு முட்டும் என்று தாதி எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். போத்தலைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

பஸ் தீவுக்குப் போகிற பாலத்தில் ஏறியபோது இரண்டு பக்கமும் பூநாரைகள் நின்றன. நூறா ஆயிரமா என்று தெரியாது, ஆழமில்லாத தண்ணீரில் கண்ணுக்கு எட்டிய மட்டும் இளஞ்சிவப்பு. எந்தத் தேசத்திலிருந்தோ பறந்து வந்து, இந்த உப்புத் தண்ணீரில் தலையைக் கவிழ்த்து இரை தேடுகின்றன. வருடா வருடம் பார்க்கிறதுதான், என்றாலும் என் வாயிலிருந்து "அம்மாடி" என்று வந்துவிட்டது. அவர் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தார். "இதுகளுக்கு ஒரு நாளைக்கு எத்தினை லீற்றரோ?" என்றார். பின்னுக்கு இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நான் சிரித்தேன்.

நத்தார் காலை. பூசை முடிந்து வந்ததிலிருந்து வீட்டில் ஆள் ஓயவில்லை. பேசாலையில் நத்தாருக்கு வீடு வீடாகப் போவார்கள். போன வீட்டில் கேக் ஒரு துண்டும், குடிக்க ஏதாவது ஒன்றும் வாங்காமல் எழும்பினால் வீட்டுக்காரருக்கு மனம் நோகும். நான் வாசல் படலையிலேயே நின்று வருகிறவர்களுக்கெல்லாம் சட்டம் சொன்னேன். மச்சாள் என்னைவிட ஒரு படி மேல். பிறிட்ஜைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். அண்ணைக்கு முன்னால் நீட்டிய சோடாக் கிளாசை இரண்டு தரம் கையாலேயே பறித்தாள். அந்த நம்பிக்கையில்தான் பத்து மணிபோல் பெட்டைகளோடு பக்கத்துத் தெருவில் பாலன் குடில் பார்க்கப் போனேன்.

மதியம் திரும்பி வந்தால், வேப்பமரத்தின் கீழ் என் கணவர் கதிரையில் இருக்கிறார். கையில் பனையோலையைக் கோலிச் செய்த பிளா. அதற்குள் பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழ். மீனும் நண்டும் கிழங்கும் கீரையும் புளியும் மிளகாயும் போட்ட, ஆவி பறக்கிற கூழ். அது இரண்டாவது பிளா.

அகப்பையோடு நின்ற மச்சாளின் முகம் பூரித்துப் போயிருந்தது. "ஒரு சொட்டுத் தண்ணி குடுக்கேல்லை மச்சாள். வந்த ஒருத்தரையும் குடுக்க விடேல்லை."

"அப்ப இது என்ன?"

"இது கூழ். சாப்பாடுதானே?"

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் பக்கத்தில் கூழ் சாப்பாடுதான். அதைக் குடித்துவிட்டு எவரும் தண்ணீர் குடித்தேன் என்று சொல்வதில்லை. ஆனால் அதில் முக்கால்வாசியும் தண்ணீர். உப்பு வேறு, தாதி விலக்கச் சொன்ன கிழங்கும் கீரையும் வேறு. அவரைப் பார்த்தேன். "நானும் சாப்பாடெண்டுதான் நினைச்சன்" என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னார். பதினெட்டு வருடம் கூட வாழ்ந்தவள் நான். அந்த நிலம் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும்.

அவரில் வந்த கோபத்தை நான் அவளில் கொட்டினேன். வந்திருந்த ஆட்களுக்கு முன்னால், "அண்ணையைக் கொல்லப் பாக்கிறீங்களோ?" என்று கத்திவிட்டேன். மச்சாள் அகப்பையை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள். சொன்ன சொல்லைத் திருப்பி வாங்க எனக்கு வழி தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போன் எடுத்தேன். கடமையில் இருந்த தாதி அமைதியாகக் கேட்டுவிட்டு, "அளவுக்கு மேல ஒரு மிடறும் குடுக்காதேங்கோ. மூச்சு முட்டினாலோ நெஞ்சு படபடத்தாலோ உடனே கொண்டு வாங்கோ" என்றார். போத்தலை எடுத்து, குடித்ததை எல்லாம் கணக்குப் பார்த்து மண்ணில் ஊற்றினேன். அடியில் இருநூறு மில்லிலீற்றர் மிஞ்சியது. மணி ஒன்று. மழை விட்ட பிறகு அடிக்கிற புழுக்கம். உப்பும் உறைப்பும் இறங்கிய வயிறு. படுக்கும் வரைக்கும் அவ்வளவுதான்.

அரை மணித்தியாலத்தில் அவருடைய உதடு காய்ந்து வெளுத்துப் போனது. ஒன்றும் கேட்கவில்லை. வருகிறவர்கள் கையில் வாங்கும் கிளாசுகளை மட்டும் கண்ணால் தொடர்ந்தார். கிளாஸ் வாய்க்குப் போனால் கண்ணும் போகும், மேசைக்கு வந்தால் கண்ணும் வரும். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

அப்போதுதான் மச்சாளின் கணவர் வந்தார். அதிகம் பேசாத மனிதர். நடந்ததைக் கேட்டார், ஒருவரையும் ஏசவில்லை. முதலில் ஒழுங்கையால் போன ஓட்டோவை மறித்து, "இரவு வரைக்கும் இதிலயே நில், தேவைப்படும்" என்று படலையில் நிறுத்தினார். பிறகு பின்வளவுக்குப் போய், கடலுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற வெள்ளைக் கானின் மூடியைக் கழற்றிக் கழுவிக்கொண்டு வந்தார்.

"அக்கா, இதில எவ்வளவு பிடிக்கும்?"

மருந்துக் கோப்பையால் அளந்தேன். பதினைந்து மில்லிலீற்றர். அரை மணிக்கு ஒரு மூடி என்றால் இரவு ஏழரை வரைக்கும் வரும் என்றேன்.

"காணும், அது போதும்" என்றார். பிறகு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். "ஒருக்கா இஞ்சின் பழுதாகி நாலு பேர் மூண்டு நாள் கடலில கிடந்தனாங்கள். இருந்தது அரைக் கான் தண்ணி. இந்த மூடியாலதான் குடிச்சனாங்கள். குடிச்சா நாலு பேரும் குடிக்கிறது, இல்லாட்டி ஒருத்தரும் இல்லை. வள்ளத்தில ஒருத்தன் தனியக் குடிக்கேலாது. இண்டைக்கு இந்த வீடும் வள்ளம் எண்டு நினையுங்கோ."

சொல்லிக்கொண்டே தன் கையிலிருந்த கிளாசை மேசையில் கவிழ்த்தார்.

"பிள்ளையளுக்கு அப்பிடிச் செய்யேலாது!" என்று நான் பாய்ந்தேன். வாத்தியார் புத்தி.

"சின்னனுகளை நாங்கள் கடலுக்குக் கூட்டிப் போறேல்லைத்தானே அக்கா. அதுகள் உள்ள போய்க் குடிக்கட்டும்."

அதன் பிறகு நடந்ததை நான் என்னென்று சொல்வது! வீட்டிலிருந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து கிளாசைக் கவிழ்த்தார்கள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு படலையால் வந்தவர்கள் மேசையில் கவிழ்ந்த கிளாசுகளைக் கண்டார்கள், நடுவில் இருந்த கான் மூடியைக் கண்டார்கள். கடற்கரை ஆட்களுக்கு அந்த மூடியே போதுமாக இருந்தது. ஒரு பெண் வைன் போத்தலோடு வந்தவள், படியிலேயே அதைச் சீலைத் தலைப்பால் மூடிப் பிடித்துக்கொண்டு, அவரிடம் வந்து கையைப் பற்றி வாழ்த்துச் சொன்னாள். கேக்கைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கத் தெண்டித்து ஒருவருக்கு இருமல் வந்தது. அப்போதும் அவர் கிளாசைத் தொடவில்லை. அன்றைக்கு அந்த வள்ளத்தில் கிடந்த நால்வரில் இன்னொருவர் வந்தார். மூடியைக் கண்டதும் என் கணவருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தவர், பொழுது படும் வரைக்கும் எழும்பவில்லை.

அரை மணிக்கு ஒரு தரம் மூடி சுற்றி வந்தது. முதலில் அவருக்கு, அவருடைய போத்தலிலிருந்து. பிறகு கானிலிருந்து மற்றவர்களுக்கு, ஆளுக்கு ஒரு மூடி. நத்தார் அன்று, வீட்டில் நிறைகுடம் இருக்க, பிறிட்ஜ் நிறையச் சோடா இருக்க, முன்பின் உறவில்லாதவர்களும் ஒரு விவசாயிக்காக நாக்கு வறள இருந்தார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த ஊருக்கு முன்னால் நான் மிகவும் சின்னவளாகிப் போனேன்.

அவர்களோ அதைப் பெரிதாக எடுக்கவில்லை. காய் அடித்து விளையாடும் கரம் பலகையை வெளியே தூக்கிப் போட்டார்கள். பெட்டைகள் மாமாவுக்கு ஒரு பக்கம், தகப்பனுக்கு ஒரு பக்கம் என்று பிரிந்து நின்று, கள்ள ஆட்டம் ஆடி அழாப்பினார்கள். என் கணவர் சிவப்புக் காயைப் போட்டபோது எழுப்பிய சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும். நாலரை மணி மூடி வந்தபோது, "பொறு, இந்த ஆட்டம் முடியட்டும்" என்றார். இரண்டு வருடத்தில் அவர் தண்ணீரைக் காத்திருக்கச் சொன்னதை நான் கண்டது அதுதான் முதல் தரம்.

இருபத்தேழாம் திகதி ஆஸ்பத்திரித் தராசு என்ன சொன்னது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏறியிருந்த நிறை அளவுக்குள்தான் இருந்தது. "பெருநாளுக்கு வீட்டிலயே இருந்தனீங்கள் போல, நல்லது" என்றார் தாதி. ஓட்டோவும் தேவைப்படவில்லை.

ஆனால் அந்த நத்தார்ப் பின்னேரத்தில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதியதில் நியாயமில்லை. மூன்று மணிபோல் மச்சாளைச் சமாதானப்படுத்தக் குசினிக்குப் போனேன். "என்னை மன்னியுங்கோ மச்சாள்" என்று நான் தொடங்க முதலே அவள் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய உதடும் வெடித்திருந்தது. குடத்தை ஒட்டி நின்று பாத்திரம் கழுவுகிறாள், ஒரு சொட்டு வாயில் வைக்கவில்லை. அவள் வெளியே போனதும் நான் கதவை மெல்லச் சாத்திவிட்டு, ஒரு கோப்பை நிறைய மொண்டு குடித்தேன். வேண்டுமென்று செய்ததல்ல. பழக்கம். வருத்தம் வந்த நாளிலிருந்து அவருக்கு முன்னால் நான் குடிப்பதில்லை. குசினியிலோ கிணற்றடியிலோ போய்க் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவேன். அதை அவருக்குச் செய்கிற உபகாரம் என்று நினைத்திருந்தேன்.

ஏழரை மணிக்கு, போத்தலில் கடைசியாகக் கிடந்ததை அவருக்கு ஊற்றினார்கள். மற்றவர்களுக்குச் சுற்றத் தொடங்கியபோது நான் எட்ட நின்று, "எனக்கு வேண்டாம்" என்றேன். அத்தனை வறண்ட வாய்களுக்கு நடுவில் எந்த முகத்தோடு கை நீட்டுவது? அவர் தன் மூடியில் பாதியைக் குடித்துவிட்டு, மிச்சத்தை என் பக்கம் நீட்டினார்.

"அது உங்கட. உங்களுக்கு வேற இல்லை" என்றேன்.

"நீ குசினிக்குள்ள குடிச்சனி. எனக்குத் தெரியும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் முகம் எரிந்தது. "உங்களுக்கு முன்னால குடிக்க எனக்கு மனம் வாறேல்லையப்பா" என்றேன்.

"அதுவும் தெரியும். ரெண்டு வருசமா நான் தனியக் குடிக்கிறன்."

கிட்டப் போய், அவருக்கு முன்னால் இருந்து, மூடியில் கிடந்த அந்த அரை மிடறைக் குடித்தேன். நான் விழுங்கி முடிக்கும் வரைக்கும் அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.