மூச்சை நிறுத்தினால் வரும் வம்பு

போன வாரம் யோகா வகுப்பில் என்னை ஒருவர் பாயிலிருந்து பிடித்து இழுத்துவிட்டார். யார்? என் மச்சான் சூசை. எங்களுக்குள் பேச்சே கிடையாது என்பதுதான் இதில் விசேஷம்.

வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் சங்கு குளிக்கிறவன். இப்போதெல்லாம் காற்று மெஷினைப் படகில் ஓடவிட்டு, டியூப்பை வாயில் கடித்துக்கொண்டு கடலில் இறங்குகிறோம். மேலே ஒருவர் டியூப்பைப் பிடித்தபடி, தண்ணீரில் வரும் குமிழியையே பார்த்துக்கொண்டிருப்பார். குமிழி நின்றதா... உடனே இழுக்க வேண்டும். அந்த வேலைக்கு எங்கள் பக்கம் மனைவியின் அண்ணன் தம்பியைத்தான் வைப்போம். தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணன் விடுவான்?

மச்சான் தன் மகள் கல்யாணத்துக்கு எல்லோர் வீட்டுக்கும் போய்ப் பத்திரிகை வைத்தார். எனக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "தெனமும் படகுல பாக்குத ஆளுதான, வீட்டுக்கு வேற வரணுமா?" என்றாராம். எனக்குச் சுருக்கென்றது. பெண்ணுக்குச் சொந்த மாமா இல்லையா நான்?

அன்றோடு பேச்சு நின்றது. "டியூப்பு முறுக்கிக் கெடக்குன்னு அங்கன சொல்லுங்க" என்று படகு ஓட்டுகிறவர் வழியாகத்தான் எல்லாம். ஆனால் டியூப்பைப் பிடித்தது அவர்தான். ஆளை மாற்ற இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

நடுவில் தவித்தவள் என் மனைவி. "நீங்க வராத கல்யாணத்துல நான் மட்டும் போயி நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். கல்யாணமோ நெருங்கிவிட்டது.

மூட்டுவலிக்காக டாக்டர் சொல்லி யோகாவுக்குப் போனால், இடுப்புவலியோடு மச்சானும் அங்கே! இரண்டு பேரும் கடைசி வரிசை. நடுவில் ஒரு காலிப் பாய்.

யோகா டீச்சர் சொன்னார்: "கோபப்படுறது மனசு. அந்தக் கோபத்தையும் சும்மா பார்த்துக்கிட்டு உள்ளே ஒண்ணு இருக்கு. அதுக்கு யார் மேலயும் கோபம் கிடையாது."

எனக்குள் அப்படி ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை.

பிறகு கண்ணை மூடி, மூச்சை இழுத்து, முடிந்தவரை நிறுத்தச் சொன்னார். மெஷின் வருவதற்கு முன்பே கடலில் இறங்கியவன் நான். மற்றவர்கள் மூச்சை விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. உள்ளே நல்ல அமைதி...

"ஏலே மாப்ளே! மூச்ச விடுலே!"

தோளைப் பிடித்து ஒரே இழுப்பு. பாயை விட்டுத் தரையில் கிடந்தேன்.

டீச்சர் ஓடிவந்தார். "என்னாச்சு?"

"மூச்சு நின்னுட்டு டீச்சர்!"

"நான்தானே நிறுத்தச் சொன்னேன்?"

"நீங்க சொல்லுவீய... எந்தங்கச்சிக்கு யாரு பதில் சொல்லுதது?"

கூடமே சிரித்தது. டீச்சரும்தான். அப்போதுதான் மச்சானுக்கு எங்கள் சண்டை ஞாபகம் வந்தது. மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டார்.

எல்லோரும் கண்ணை மூடியிருந்த நேரத்தில் அவர் என் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்! பேசவே கூடாது என்று அவர் மனம் ஒரு பக்கம். அதைக் கேட்காமல் இன்னொன்று என்னைக் காவல் காத்திருக்கிறது. அன்பு என்றால் ஆசையாக நாலு வார்த்தை பேசுவது என்று நினைத்திருந்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டே கூட அன்பாக இருக்கலாம் போலிருக்கிறது.

அன்று சாயங்காலமே மச்சான் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தார். வாங்கிக்கொண்டேன். "கோவத்துல இருந்தீங்களே மச்சான், பொறவு ஏன் இழுத்தீங்க?" என்று கேட்டேன்.

"எனக்கு என்ன தெரியும் மாப்ளே? கை தானா வருது."

டீயைக் கொண்டுவந்து வைத்த என் மனைவி அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்: "கை தானா வருதாம்! காலு இந்த வீட்டுக்கு வாரதுக்குத்தான் இம்புட்டு நாளாச்சி."