அவருடைய ஸ்கீக்கு ஒரு பிரேக்

பிரேக் வேண்டாம் என்று என் கணவர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். அதை மீறி, திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் என் தம்பி வீட்டு டிராக்டர் கொட்டகையில் உட்கார்ந்து, அவருடைய ஸ்கீ என்கிற பனிச்சறுக்குப் பலகையின் ஸ்க்ரூக்களைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பொங்கல் முடிந்து சம்பா அறுவடை நடக்கும் நேரம். வானம் காலையிலிருந்தே மூடிக்கிடந்தது. தம்பியின் வயலில் கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றது. மழை பிடிப்பதற்குள் அறுப்பு மெஷின் வந்துவிட வேண்டுமே என்ற கவலையில் அவன் ஃபோனைக் கையில் பிடித்தபடி வாசலுக்கும் கொட்டகைக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

ஸ்கீ இந்த ஊருக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நானும் என் கணவரும் ஆஸ்திரியாவில் ஒரு மலையடிவார ஊரில் வேலை பார்க்கிறோம். குளிர்காலத்தில் விடுமுறை நாட்களில் ஸ்கீயைக் காலில் மாட்டிக்கொண்டு மலை மேல் நடந்தே ஏறுவோம், பிறகு சறுக்கி இறங்குவோம். அந்த வருஷம் காஷ்மீர் மலைகளுக்குப் போவது என்று முடிவு செய்திருந்தோம். அவர் அலுவலக வேலையாக முன்னதாகவே பெங்களூர் வந்துவிட்டார். அங்கிருந்து நேராக ஸ்ரீநகர் வருவதாக ஏற்பாடு. நான் ஊருக்கு வந்து சில நாள் இருந்துவிட்டு, இரண்டு பேருடைய ஸ்கீயையும் எடுத்துக்கொண்டு அங்கே போக வேண்டும்.

பூட்ஸைப் பலகையோடு பிடித்து வைக்கிற இரும்புப் பிடிக்கு பைண்டிங் என்று பெயர். கீழே விழுந்தால் கால் முறியாமல் இருக்க அது பூட்ஸை விட்டுவிடும். விட்டவுடன் ஆளில்லாத பலகை சரிவில் தன் பாட்டுக்கு ஓடும். அதை நிறுத்தத்தான் பிரேக். குதிகாலுக்கு அடியில் ஒரு தட்டு, இரண்டு பக்கமும் இரண்டு கம்பிகள். கால் அழுத்தியிருக்கும்வரை கம்பிகள் மேலே ஒதுங்கி நிற்கும். கால் எடுபட்டதும் ஸ்பிரிங் விசையில் கீழே இறங்கிப் பனியில் குத்திக்கொள்ளும்.

என் கணவர் புதிதாக அகலமான பலகை வாங்கினார். பழைய பிரேக்கின் கம்பிகள் அந்த அகலத்துக்கு எட்டவில்லை. சரி, பிரேக்கே வேண்டாம், எடையும் குறையும் என்று அதை எடுத்துவிட்டு, பலகையைக் காலோடு இணைக்கிற ஒரு மெல்லிய நாடாவைக் கட்டிக்கொண்டார். அவர் நாகப்பட்டினத்தில் விசைப்படகு வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்தவர். கயிற்றில் அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை. "கட்டிப் போட்ட பொருள் எங்கயும் போகாது" என்பார்.

அதற்கு முந்தின குளிர்காலத்தின் கடைசியில் அந்த நாடா அறுந்தது. நான் முன்னால் இறங்கிப் பைன் மரங்களுக்குப் பக்கத்தில் காத்திருந்தேன். அவர் வரவில்லை. ஃபோனில் சிக்னல் இல்லை. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. திரும்ப ஏறிப் போகலாமா, உதவிக்கு ஆள் தேடி இறங்கலாமா என்று தெரியாமல், இரண்டு அடி ஏறுவதும் நிற்பதுமாக இருந்தேன். கடைசியில் ஒற்றை ஸ்கீயோடு, தொடைவரை பனியில் புதைந்து புதைந்து அவர் வந்து சேர்ந்தார். வந்ததும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடிப்போன பலகையை மறுநாள் தேடி எடுத்தோம். அதற்குப் பிறகும் அவர் புதுசாக ஒரு தடித்த நாடாதான் வாங்கினார். பனிச்சரிவு வந்தால் அந்த நாடாவே பலகையோடு சேர்த்து ஆளையும் உள்ளே இழுத்துவிடும் என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்குத் தெரியாமல் நான் பிரேக் வரவழைத்தேன். அவர் பலகையின் அகலம் இரண்டு அளவுகளுக்கு நடுவில் இருந்ததால், சின்னதில் ஒரு ஜோடி, பெரியதில் ஒரு ஜோடி.

பிரேக்கின் அடித்தட்டு பைண்டிங்கின் பின்பகுதிக்கு அடியில் உட்கார வேண்டும். அதற்கு அந்தப் பகுதியைப் பலகையிலிருந்து முழுசாகக் கழற்ற வேண்டும். சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் பார்வைக்குப் பொருந்துவதுபோல இருக்கும். அழுத்தித் திருகினால் நழுவி ஸ்க்ரூவின் தலையைத் தேய்த்துவிடும். அதனால் சரியான முனை உள்ளதைக் கொண்டு வந்திருந்தேன். முதல் பலகையில் மூன்று ஸ்க்ரூ வந்துவிட்டது. நான்காவது அசையவில்லை. உள்ளே பசை போட்டு இறுக்கியிருந்தார்கள்.

தம்பி வந்து எட்டிப் பார்த்தான்.

"வரலேன்னா விட்டுடுங்கக்கா. மாமாவே வேணாம்னு சொல்றாருல்ல?"

"இப்ப விட முடியாதுடா. மூணு கழட்டியாச்சு. பசை விட்டுப்போச்சு, அப்படியே திருப்பி முடுக்கிட்டு மலைக்கு அனுப்ப முடியாது."

"தலை போச்சுன்னா?"

"இந்த ஸ்கீயே போச்சு."

அவன் உள்ளே போய் சால்டரிங் அயர்னை எடுத்து வந்தான். சூடு பட்டால் பசை இளகும் என்று நான்தான் முன்பே கேட்டு வைத்திருந்தேன். ஸ்க்ரூவின் தலையில் முனையை வைத்துக் காத்திருந்தோம். பலகையின் மேல்பூச்சு கருகிவிடக் கூடாது, பசையும் இளக வேண்டும். லேசாக ஒரு வாடை வந்ததும் எடுத்துவிட்டு, அவன் முழு பலத்தோடு பலகையை அமுக்கிப் பிடிக்க, நான் டிரைவர் மேல் உடம்பைச் சாய்த்துத் திருகினேன். டிரைவர் ஒருமுறை நழுவியது. மறுபடி வைத்து அழுத்தியபோது 'டக்'கென்று ஒரு சத்தம். தலை உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். இல்லை, பசைதான் விட்டிருந்தது.

எந்த அளவைப் போடுவது என்பதில்தான் என் புத்தி தடுமாறியது. பெரிய பிரேக்கில் கம்பிகள் பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. நடக்கும்போது அடுத்த காலில் இடிக்கும். இடித்தால் அவர் வழிநெடுக முணுமுணுப்பார். சின்னது கச்சிதமாக இருந்தது, ஆனால் பலகையின் விளிம்பை உரசியது. கம்பியை லேசாக வெளிப்பக்கம் வளைத்தால் போதும் என்று தோன்றியது. தம்பியின் பட்டறை வைஸில் இறுக்கிப் பிடித்து வளைத்தோம். மாட்டிப் பார்த்தேன். தட்டைக் கையால் அழுத்திப் பிடித்துக் கையை எடுத்தேன், கம்பிகள் இறங்கின. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் இறங்கின.

"சரிவுல ஒரு தடவை பாத்துட்டா நல்லது" என்றேன்.

"நம்மூர்ல சரிவுக்கு எங்க போறது?" என்றான் தம்பி. சுற்றிலும் தட்டையான வயல். பிறகு அவனே, "ஆத்தங்கரை இருக்கு, வாங்க" என்றான்.

காவிரிக் கரை எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான். எங்களுக்கு முன்பே அறுத்தவர்கள் கரையின் உட்சரிவில் வைக்கோலை விரித்துப் போட்டிருந்தார்கள். ராத்திரிப் பனியில் நனைந்து அது வழவழவென்று கிடந்தது. சரிவின் அடியில் ஒற்றையடிப் பாதை, அதைத் தாண்டி நாணல், அப்புறம் தண்ணீர். பாதையில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். கரைமேல் நின்று, பலகையின் முனையைக் கீழ்நோக்கி வைத்து, பிரேக் தட்டை அழுத்திப் பிடித்திருந்தேன். அந்த நேரத்தில் தம்பியின் ஃபோன் அடித்தது.

"மெஷின் வந்துடுச்சாம்க்கா. இப்ப போகலேன்னா அடுத்த ஊருக்குப் போயிடுவாங்க. சீக்கிரம்!"

அவன் பக்கம் திரும்பிக்கொண்டே கையை எடுத்தேன்.

வலது கம்பி பாதி இறங்கி நின்றது. இடது கம்பி விளிம்பில் சிக்கிக்கொண்டு இறங்கவே இல்லை. பலகை ஒரு கணம் தயங்கியது. பிறகு வைக்கோல் மேல் வழுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. தாவிப் பிடிக்கப் பார்த்தேன். கையில் வைக்கோல்தான் வந்தது.

அப்போதுதான் கீழே, நாணல் வளைவிலிருந்து மாட்டைப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மாள் வருவதைப் பார்த்தேன். தெருவில் நாங்கள் எல்லோரும் அத்தை என்று கூப்பிடுகிறவர். குனிந்த தலையோடு நடந்து வந்துகொண்டிருந்தார்.

"அத்தே! நில்லுங்க! அங்கயே நில்லுங்க!" என்று தம்பி கத்தினான்.

அவர் நின்று நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பலகையின் விளிம்பு தீட்டிய எஃகு. கத்திபோல இருக்கும். முந்தின வாரம்தான் நானே அதைத் தீட்டினேன். அது சரிவின் அடியில் ஒரு துள்ளு துள்ளி, அவருக்குச் சில அடி முன்னால் பாதையைக் குறுக்காகக் கடந்து, நாணலுக்குள் சொருகிக்கொண்டது. மாடு மிரண்டு கயிற்றை இழுத்தது. அவர் இழுபட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் விழுந்தடித்து இறங்கினோம். தம்பி மாட்டைப் பிடித்தான். நான் அவர் கையைப் பிடித்துத் தூக்கினேன். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை.

"என்னாடி அது, பாம்பு கணக்கா வந்துச்சு?" என்றார்.

அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். "ஏன்டி இப்படிப் புடிச்சிருக்க? எனக்கு ஒண்ணும் இல்லடி" என்று அவர்தான் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். வீடுவரை கூடவே போய், சிராய்ப்பைக் கழுவி மருந்து போட்டுவிட்டு வந்தேன். தம்பி வயலுக்கு ஓடியிருந்தான்.

நாணலில் கிடந்த பலகையை எடுத்துவந்து, கொட்டகையில் தனியாக உட்கார்ந்து சின்ன பிரேக்கைக் கழற்றினேன். வளைத்த கம்பி, பலகை அசையாமல் இருந்தபோது வேலை செய்தது. சரிவில் பலகை கொஞ்சம் ஒருக்களித்ததும் விளிம்பில் மாட்டிக்கொண்டது. இன்னொரு பலகையையும் கழற்றி, இரண்டிலும் பெரியதைப் பூட்டினேன். இரண்டு பலகையிலும் ஸ்க்ரூக் குழிகளில் புதுப் பசை விட்டு முடுக்கினேன். தூரத்தில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது ஓயும்வரை மழை பெய்யவில்லை. பசை காய்ந்த பிறகு பலகையை இந்த முறை கயிற்றில் கட்டிக் கரைக்குக் கொண்டுபோனேன். பலகையை நேராக வைத்தும், ஒருக்களித்து வைத்தும் தட்டை அழுத்திக் கையை எடுத்துப் பார்த்தேன். கம்பிகள் விளிம்பைத் தொடாமல் இறங்கி வைக்கோலைக் குத்திக்கொண்டு நின்றன. பலகை ஒரு முழம்கூட நகரவில்லை.

பிறகு அவருக்கு ஃபோன் செய்தேன்.

"உங்க ஸ்கீக்கு பிரேக் போட்டுட்டேன்."

"நான் வேணாம்னு சொன்னேன்ல?" அவர் குரல் இறுகியது. "என் பொருளை என்னக் கேக்காம எப்படி நீ கழட்டலாம்?"

"கேட்டா விட்டிருக்க மாட்டீங்க."

நடந்ததைச் சொன்னேன். சின்ன பிரேக்கைத் தேர்ந்தெடுத்ததையும், அதை வளைத்ததையும், அத்தை வந்ததையும்.

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"சிராய்ப்புதான்."

"இப்ப எது போட்டிருக்க?"

"பெருசு."

"நடக்கும்போது கால்ல இடிக்கும்."

"இடிக்கட்டும்."

"சரி. நாடாவையும் எடுத்துட்டு வா."

"அது இங்கயே இருக்கட்டும்" என்றேன். அவர் ஃபோனை வைத்ததும், நாடாவைக் கொட்டகை ஆணியில் மாட்டினேன்.

ஸ்ரீநகரில் சந்தித்தபோது அவர் முதலில் பலகையைத்தான் வாங்கிப் பார்த்தார். தட்டைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி விட்டார். மலையில் ஏறும்போது பிரேக் கம்பி அவருடைய அடுத்த பூட்ஸில் இடித்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு இடிக்கும் அவர் திரும்பி என்னைப் பார்ப்பார். நான் பார்க்காததுபோல ஏறினேன்.

இறங்கும் வழியில், உச்சிக்குக் கீழே செங்குத்தான ஓர் இடம். எங்களோடு வந்த வழிகாட்டி முதலில் இறங்கி ஓரமாக நின்று கை காட்டினார். அடுத்து என் கணவர். நான் மேலேயே நின்றேன். நாலு வளைவு அழகாகப் போட்டார். ஐந்தாவதில் பனிக்கு அடியில் ஒளிந்திருந்த பாறையில் இடது பலகை பட்டு, அவர் தலைகுப்புற விழுந்து உருண்டார். பலகை கழன்று தனியாகத் தெறித்தது. அவருக்கு நேர் கீழே சரிவு ஒரு பள்ளத்தில் போய் மறைந்தது.

பலகை ஒரு தடவை புரண்டது. புரண்டு, கம்பிகள் பனியைக் கீறிக்கொண்டு இழுபட்டு, அவருக்குக் கொஞ்சம் மேலே நின்றது. அவர் உருள்வதும் நின்றது. முகத்தில் பனி அப்பியிருக்க, எழுந்திருக்காமல் அப்படியே கிடந்து அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடிபட்டுச்சா?" என்று கத்தினேன்.

இல்லை என்று கையை ஆட்டினார். நான் பக்கவாட்டில் மெல்லச் சறுக்கி அவரிடம் போனேன். பலகையை எடுத்துக் கொடுத்தேன். அவர் பூட்ஸின் அடியிலிருந்த பனியைத் தட்டிவிட்டு மாட்டப் பார்த்தார். சரிவில் கால் நிலைக்காமல் இரண்டு முறை தவறியது. நான் குனிந்து பலகையைப் பிடித்துக்கொண்டேன். என் தோளில் கைவைத்து அழுத்தினார். பைண்டிங் பூட்ஸைக் கவ்வும் சத்தம் கேட்டது.

"நீ முன்னாடி போ" என்றார். "நான் பாத்துக்கிட்டே மெதுவா வர்றேன்."

நான் இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் நின்று, அவர் வந்துவிட்டாரா என்று பார்த்து, அடுத்ததற்குப் போனேன்.