தக்காளிக் கிரேட்டுக்குள் ஒரு கம்பெனி

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மேசை விசிறியைத் தக்காளிக் கிரேட்டின் பக்கம் திருப்பிவிடுகிறார் ஜெபராஜ். முதல் ஷிப்ட் முடிந்து வரும் மனிதருக்கு வேர்வை வழிகிறது; வழியட்டும். அடுப்படியில் நிற்கும் மனைவி கிருபாராணிக்கும் வழிகிறது, அதுவும் வழியட்டும். மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருப்பது ஒரே ஒரு விசிறி. அது சர்வருக்கு.

தக்காளி அடுக்கும் அந்த பிளாஸ்டிக் கிரேட் ராயக்கோட்டை மார்க்கெட்டில் வாங்கியது. உள்ளே, பெங்களூர் பழைய சாமான் கடைகளில் பொறுக்கிய மதர்போர்டு, நாலு ஜிபி மெமரி, இரண்டு ஹார்ட் டிஸ்க் எல்லாம் நைலான் டேக்கால் கட்டிக் கிடக்கின்றன. “கடை கேபினெட் எதுக்குங்க? இதுல நாலு பக்கமும் ஓட்டை. காத்து தானா பூந்து பூந்து வரும்.” இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்! கிரேட்டையே கண்டுபிடித்தவர் தோற்றார்.

அந்த ஒரு பெட்டிக்குள் நாலு கம்ப்யூட்டர் தனித்தனியே ஓடுவதுபோல அமைத்திருக்கிறார். விர்ச்சுவல் மெஷின் என்று பேர். கெடுத்தால் அழித்துவிட்டு மறுபடி உருவாக்கலாம். பழக அதைவிடத் தோதான வழி கிடையாதுதான். ஐயா பழகியது என்ன? தான் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருக்கும் சிப்காட் தொழிற்சாலையை அப்படியே உள்ளே கட்டி, அத்தனை பேருக்கும் ஐடி கொடுத்து, யார் எதைப் பார்க்கலாம் என்று உத்தரவு போடுகிறார். மேனேஜர் வெங்கடப்பன் காலையில் திட்டினால் சாயங்காலம் கிரேட்டில் அவருடைய பாஸ்வேர்டு மாறிவிடும். “இப்ப உள்ள வரட்டும், பாக்கலாம்!” வெங்கடப்பனுக்கு இந்தச் சேதியே தெரியாது.

இரண்டாயிரத்து எட்டு பிப்ரவரியில், தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறைக்கு உள்ளாட்களிலிருந்தே ஒருவரை எடுப்பதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். அங்கேயே பேக்கிங்கில் நிற்கும் கிருபாராணிதான் விண்ணப்பத்தை வாங்கிவந்தாள். எட்டு மணி நேரம் நின்று நின்று அவள் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது. இவருக்கு அந்த வேலை கிடைத்தால்தான் அவள் உட்கார முடியும். “பேக்கப் ஒண்ணு பழகிட்டா முடிஞ்சிது கிருபா” என்றார். மூன்று வாரமாகப் பழகினார். விண்ணப்பத்தில் பெயர் மட்டும் எழுதி, மானிட்டருக்கு அடியில் செருகியிருந்தார்.

கடைசி நாள் காலையில் ஸ்டோர்ஸ் சர்வர் படுத்துவிட்டது. வாசலில் லாரிகள் நிற்கின்றன. “யாருக்காச்சும் இந்தக் கருமம் தெரியுமாப்பா? கை தூக்குங்க!” என்று வெங்கடப்பன் கத்தினார். டிஸ்க் நிரம்பினால் இப்படித்தான் நிற்கும் என்று கிரேட்டில் ஏழெட்டு தடவை செய்து பார்த்தவர் ஜெபராஜ். கையைத் தூக்கினாரா? கழிவறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அட, பெரிய மனுஷா! பெங்களூரிலிருந்து வந்த ஆள் பத்து நிமிடத்தில் பழைய ஃபைல்களை அழித்துவிட்டு டீ குடித்தார்.

“அது உங்களுக்குத் தெரியாதாங்க?” வீட்டுக்கு வந்ததும் கிருபாராணி கேட்டாள்.

“தெரியும்.”

“அப்புறம் வாயத் தொறக்குறதுக்கென்ன?”

“அது நெசமான சர்வரு கிருபா. ஏதாச்சும் ஆயிட்டா?”

“சரி, உடுங்க. அஞ்சு மணி வரைக்கும் ஃபாரம் வாங்குறாங்களாம். இப்பவே எழுதிக் குடுங்க, நானே போய்க் குடுத்துட்டு வர்றேன்.”

“இரு, மொதல்ல அந்த வெங்கடப்பன் ஐடியையே தூக்கிடறேன்” என்று கிரேட்டின் முன் உட்கார்ந்தார்.

கிருபாராணி கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு விசிறியைத் தூக்கிக்கொண்டு போய், சுவரோரம் உட்கார்ந்து, சேலையை முழங்கால்வரை ஏற்றி, வீங்கிய கால்களை அதன் முன் நீட்டிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் சர்வர் சூடேறி ‘கீங் கீங்’ என்று கத்த ஆரம்பித்தது. ஜெபராஜ் பதறி அங்குமிங்கும் தேடினார். மானிட்டருக்கு அடியில் இருந்த கெட்டித் தாளை உருவி, இரண்டாக மடித்து, கிரேட்டுக்கு விசிறத் தொடங்கினார்.